பையனை மயிலுக்கு முன்னால் நிற்க வைக்காதீர்கள்

போன மாதம் கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு பள்ளி ஆண்டு விழா. பதினோரு வயசுப் பையன் ஒருவன் கையில் வேலோடு அட்டை மயிலுக்கு முன்னால் நின்றான். அவனைச் சுற்றிப் பெண் பிள்ளைகள் வேர்க்க விறுவிறுக்க ஆடினார்கள். பாட்டு முடிவதற்குள் அவன் செய்தது, மூன்று தடவை அபய ஹஸ்தம் காட்டி, கடைசியில் ஒரு சுற்று சுற்றியது. கைதட்டல் முழுக்க அவனுக்குத்தான். "பையனுக்கு என்ன களைங்க!" என்றார் பக்கத்தில் இருந்தவர். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் அந்த வேலைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

பையன் பரதநாட்டியத்தையே பிழைப்பாக எடுக்கட்டும் என்று நினைக்கிற வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். நேரத்துக்கு வா, சாப்பிட்டவுடன் ஆடாதே என்பதையெல்லாம் எந்த வாத்தியாரும் சொல்லிவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நிற்பதை ஆட்டம் என்று நம்புவது

நடன வகுப்பில் பையன் அபூர்வம். முப்பது பிள்ளைகளில் ஒருத்தன் இருந்தாலே அதிகம். அதனால் அவன் சேர்ந்த மூன்றாம் மாதமே மேடை ஏறிவிடுகிறான். கிருஷ்ணன் வேண்டும், முருகன் வேண்டும், ராமன் வேண்டும். பெண் பிள்ளைகள் தட்டடவு, நாட்டடவு என்ற அடிப்படைக் கை கால் அசைவுகளை வருஷக் கணக்கில் தேய்த்துக்கொண்டிருக்க, இவனுக்கு முதல் நாளே கிரீடம்.

நான் ஆறு வருஷம் முருகனாக நின்றேன். மாரியம்மன் நோம்பி, பள்ளி விழா, கல்யாண வரவேற்பு என்று ஒன்றையும் விடவில்லை. ஊரில் என்னை "முருகன் தம்பி" என்றே கூப்பிட்டார்கள். என் வாத்தியார் கெட்டவர் இல்லை. ஆனால் ஒரே பையன், அதட்டினால் ஓடிவிடுவான் என்று பயந்தார். முழங்காலைப் பக்கவாட்டில் மடித்துப் பாதி உட்காரும் அரைமண்டியில் சரியாக உட்காரவில்லை என்றாலும் "ஆம்பளப் பையன், இடுப்பு அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிட்டார். எங்கள் அப்பா பவர்லூம் ஓட்டிய காசில் உடுப்பு தைத்துக் கொடுத்தார். அத்தனை உடுப்பிலும் நான் நின்றேன்.

பத்தொன்பது வயசில் சென்னையில் ஒரு குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போனேன். முருகன் பாட்டைக் கேட்பார்கள் என்று கேசட் வேறு கையில் இருந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர் பாட்டே கேட்கவில்லை. தாளம் தட்டும் தட்டுக்கழியை எடுத்து, "நாட்டடவு, மூணு காலமும்" என்றார். மூன்று வேகத்திலும் ஆட வேண்டும் என்று அர்த்தம். முதல் காலம் எப்படியோ போனது. இரண்டாம் காலத்தில் கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். மூன்றாம் காலம் தொடங்கவே இல்லை. அவர் கழியைக் கீழே வைத்துவிட்டு, "நல்லா நிக்கிறே தம்பி" என்றார். அவ்வளவுதான். கிண்டலா, பரிதாபமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அதற்கப்புறம் இருபது வயசில், பத்து வயசுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று தட்டடவிலிருந்து திரும்ப ஆரம்பித்தேன். நான்கு வருஷம் ஆனது. கூடப் படித்தவன் அதற்குள் திருப்பூரில் பனியன் கம்பெனி மேலாளர் ஆகிவிட்டான். காசு போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உடம்பு வளைகிற வயசு போனால் போனதுதான்.

இன்றைக்கும் இதே கூத்து நடப்பதுதான் எரிச்சலாக இருக்கிறது. ஒரு அம்மா என்னிடம், "ஏனுங் மாஸ்டர், மத்த வகுப்புல கிருஷ்ணன் வேசம் உடனே குடுக்கறாங்களாமா, நீங்க மட்டும் ஏனுங்க ரெண்டு வருசங்கறீங்க?" என்று கேட்டார். குடுக்கிற வகுப்புக்கே போங்க என்று சொல்லிவிட்டேன். போய்விட்டார்கள். பையன் போனதில் வருத்தம்தான், நல்ல தாள ஞானம் இருந்தது.

ஒரு சின்னப் பரிசோதனை சொல்கிறேன். பையனின் மேடை வீடியோவை எடுத்து, பாட்டை அணைத்துவிட்டு, அவன் காலை மட்டும் பாருங்கள். பக்கத்தில் ஆடும் பெண் பிள்ளையின் காலோடு ஒப்பிடுங்கள். பாதி கூட அசையவில்லை என்றால் அடுத்த விழாவுக்கு வேஷம் வேண்டாம், வரிசையில் நிறுத்துங்கள் என்று வாத்தியாரிடம் கேளுங்கள்.

முழங்கால் வலியை "வளர்ற வயசு" என்று தள்ளுவது

பன்னிரண்டிலிருந்து பதினைந்து வயசுக்குள் பையன்கள் திடீரென்று உயருவார்கள். எலும்பு நீளுகிற வேகத்துக்குத் தசை ஈடுகொடுக்காமல் இழுத்துப் பிடிக்கும். முழங்கால் சில்லுக்குக் கீழே, எலும்பு புடைத்திருக்கும் இடத்தில் தொட்டால் வலிக்கும். ஆஸ்குட் ஷ்லாட்டர் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். முழுசாகக் குந்தி உட்காரும் முழுமண்டியையும் குதிப்பையும் சில வாரம் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். அதைச் செய்யாமல் மொட்டை மாடி சிமெண்ட் தரையில் தட்டச் சொல்கிறோம்.

அரைமண்டியில் இன்னொரு விஷயம். பாதம் திரும்புவது இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். இடுப்பு திறக்காத பையன் பாதத்தை மட்டும் திருகிக்கொள்வான், முழங்கால் உள்பக்கம் விழும். முழங்கால் எப்போதும் பாதம் பார்க்கும் பக்கமே பார்க்க வேண்டும். இடுப்பு எவ்வளவு திறக்கிறதோ அவ்வளவு பாதம் போதும்.

"பொட்டப்புள்ளைக ஆட்டமாச்சே"

இதைச் சொன்ன என் மாமன், நோம்பிக்குக் கம்பம் நட்டால் நடுச்சாமம் வரை அதைச் சுற்றி ஆடுகிறவர்.

அவருக்காக இரண்டு வரி. அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் பரதக் கச்சேரி முறையை ஒழுங்கு செய்தவர்கள் தஞ்சை நால்வர்: சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. மெலட்டூர் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் பெண் வேஷமும் ஆண்களே கட்டுகிறார்கள். சரி, அதெல்லாம் தஞ்சாவூர்ப் பக்கம். நம்ம ஊர் வள்ளி ஒயில் கும்மியும் ஆண்கள் ஆடி வந்ததுதான். அதைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்த கோவை பத்திரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்றைக்குப் பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கும்மி ஆடுவதைப் பார்த்து, இது அவர்களுக்கே உரியது என்று நினைக்கிறோம்.

கும்மிக்குப் போனால் பரதம் கெடும் என்று சில வாத்தியார்கள் தடுப்பதும் தப்பு. நூறு பேரோடு ஒரே காலில் திரும்பப் பழகியவனுக்குக் குழு நடனத்தில் இடம் பிடித்து நிற்க யாரும் சொல்லித்தர வேண்டாம்.

நட்டுவாங்கம் படிக்காமல் விடுவது

ஆடுகிறவர்களுக்குத் தாளம் தட்டி, "தா தெய் தெய்" போன்ற சொற்கட்டு சொல்லி நடத்துவதுதான் நட்டுவாங்கம். உடம்பு நாற்பதுக்கு மேல் இறங்கும். தாளம் இறங்காது. என் வீட்டில் அரிசி வாங்குவது பாதி என் சொற்கட்டு. பாட்டும் கொஞ்சம் படிக்க வையுங்கள்.

வயசு தாண்டிய பின் விசாரிப்பது

மத்திய அரசின் கலாச்சார வளங்கள் பயிற்சி மையம் (சி.சி.ஆர்.டி.) தரும் கலை உதவித்தொகைக்குப் பத்திலிருந்து பதினான்கு வயசுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பதினைந்தில் வந்து கேட்கிறார்கள். அதை விட்டால், கலாச்சார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகைக்கு 18 முதல் 25 வயது. மாதம் 5,000 ரூபாய், இரண்டு வருஷம். நடுவில் இருக்கிற பையனுக்கு ஈரோடு, கரூர் அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. நாதசுரம், தவிலோடு பரதமும் சொல்லித்தருகிறார்கள். அதற்கு மேல் படிக்கக் கோவை மலுமிச்சம்பட்டியில் அரசு இசைக் கல்லூரி. தனியார் வகுப்பில் கொட்டுவதற்கு முன் இந்த வாசல்களில் போய்க் கேளுங்கள்.

அரங்கேற்றத்துக்குக் கடன்

வாங்காதீர்கள்.

ஒற்றைப் பையனாக விடுவது

மீசை அரும்பும் வயசில்தான் பலபேர் வகுப்பை விட்டு நின்றுவிடுகிறார்கள். திறமை குறைந்து அல்ல, உடை மாற்ற இடம் இல்லாமல், பேச ஆள் இல்லாமல். பள்ளியில் ஒருத்தன் கையை வளைத்துக் காட்டிச் சிரித்தால் கூடச் சேர்ந்து திட்டவாவது ஒருத்தன் வேண்டும். அதனால் சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் பையன்களுக்கு மட்டும் வகுப்பு வைத்திருக்கிறேன். பக்கத்து ஊர் வாத்தியார்களின் பையன்களும் வருகிறார்கள், மொத்தம் ஐந்து பேர். அடவு, அடவு, மறுபடியும் அடவு. வேலும் இல்லை, புல்லாங்குழலும் இல்லை.

இந்த வாரம் நான்கு பேர்தான். ஐந்தாமவன் ராத்திரி முழுக்கக் கம்பம் ஆடிவிட்டுத் தூங்குகிறான் என்று அவன் அப்புச்சி போன் பண்ணினார். எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.