கார் ரேஸில் டிரிஃப்ட் பிடிக்க எந்தக் கன்ட்ரோலர் வாங்குவது?

வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். சாமி 1981-லேயே கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். பாலாறும் 2021 நவம்பரில் கரை புரண்டு ஓடி எல்லார் வாயையும் அடைத்துவிட்டது. பட்டியல் காலியாகிறதே என்று நான் ஒன்றைச் சேர்த்தேன்: ட்ரிகர் இல்லாத கன்ட்ரோலர்.

பார்வைக்கு ட்ரிகர் இருந்தது, அதாவது ஆள்காட்டி விரலால் அமுக்கும் ஆக்ஸிலேட்டர் விசை. ஆர்டி (ரைட் ட்ரிகர்) என்று எழுதியும் இருந்தது. அமுக்கினால் 'டிக்' என்றது, அவ்வளவுதான். மூன்று மாதம் அதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வளைவிலும் காரைப் பம்பரமாகச் சுற்றவிட்டேன். எனக்குத்தான் கை வரவில்லை என்று நினைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா பையன்தான் கேட்டான்: "இன்னாண்ணா, ஒண்ணு முழு வேகத்துல போவுது, இல்லன்னா அப்படியே அடங்கிடுது. நடுவுல ஒண்ணுமே இல்லியா?"

நடுவில் ஒன்றுமே இல்லை. அதுதான் கோளாறு. நீங்களும் அதே பள்ளத்தில் விழாமல் இருக்க, வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

வாங்கும் முன்: விரலுக்கு என்ன வேலை என்று தெரிந்துகொள்ளுங்கள்

டிரிஃப்ட் என்றால் காரின் பின்பக்கத்தை வழுக்கவிட்டே வளைவைத் திரும்புவது. இடது பக்கம் திரும்பும் ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். வளைவு நெருங்கும்போது வலது ட்ரிகரைக் கொஞ்சம் தளர்த்துகிறீர்கள். இடது ஸ்டிக்கை (கட்டைவிரலால் ஸ்டீயரிங் போல ஆட்டும் குச்சி) இடப்பக்கம் சாய்த்து, ஹேண்ட்பிரேக் பட்டனை ஒரு தட்டு. காரின் பின்பக்கம் வலப்புறமாக வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறது. உடனே ஸ்டிக்கை எதிர்ப்பக்கம், அதாவது வலப்புறம், கொண்டுவர வேண்டும். இது பாதி வேலை. மீதிப் பாதி ஆள்காட்டி விரலில் இருக்கிறது. ட்ரிகரை முழுதாக அமுக்கினால் பின்சக்கரம் இன்னும் வழுக்கி கார் சுற்றிவிடும். முழுதாக விட்டால் டயர் சட்டென்று தரையைப் பிடித்து கார் நிமிர்ந்துவிடும், சில சமயம் எதிர்ப்பக்கமே பாயும். பாதிக்கும் முக்காலுக்கும் நடுவே எங்கேயோ நிறுத்தி, வளைவு முடியும்வரை அதைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே போக வேண்டும்.

மே மாதம் வேலூரில் இருந்தவர்களுக்கு ஃபேன் ஸ்விட்சுக்கும் ரெகுலேட்டருக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை. டிரிஃப்ட் என்பது ரெகுலேட்டர் வேலை. கீபோர்டும் என் பழைய கன்ட்ரோலரும் ஸ்விட்ச்.

படி 1: உங்கள் கேம் எந்த வகை?

எல்லா ஆர்கேட் ரேஸ் கேமுக்கும் (நிஜ ஓட்டத்தைவிட ஜாலிக்கு முக்கியத்துவம் தருபவை) இது பொருந்தாது. மாரியோ கார்ட் 8 டீலக்ஸில் டிரிஃப்ட்டுக்கென்று தனி பட்டனே இருக்கிறது. பிடித்துக்கொண்டே திரும்பினால் போதும், தீப்பொறியின் நிறம் மாறுவதைப் பார்த்து பட்டனை விட்டால் வேகம் கிடைக்கும். நின்டென்டோ ஸ்விட்சின் சொந்த கன்ட்ரோலர்களில் ட்ரிகர் வெறும் ஆன், ஆஃப்தான். அந்தக் கேம்களுக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை. போனில் ஆடும் அஸ்ஃபால்ட் வரிசையிலும் வேகம் தானாகவே ஏறிக்கொள்ளும், நீங்கள் பிரேக்கைத் தட்டி டிரிஃப்ட்டைத் தொடங்கினால் போதும்.

நீட் ஃபார் ஸ்பீட் ஹீட் வேறு மாதிரி. ஓடும்போது ஆக்ஸிலேட்டரை ஒரு கணம் விட்டு மறுபடி குத்தினால் டிரிஃப்ட் தொடங்கும். பிடிக்காதவர்கள் அதைப் பிரேக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். ஃபோர்சா ஹொரைசன் 4, 5 இரண்டிலும் தனி டிரிஃப்ட் பட்டன் கிடையாது. டயர், எடை, வேகம் மூன்றும் சேர்ந்து தீர்மானிப்பதுதான். கார்எக்ஸ் டிரிஃப்ட் இன்னும் கறார். இந்தப் பக்கம் ஆடுகிறவர்கள் மேலே படியுங்கள். மாரியோக்காரர்கள் கையில் இருப்பதை வைத்துக்கொண்டே ஆடலாம், காசு மிச்சம்.

படி 2: வலது ட்ரிகரைச் சோதியுங்கள்

என்னைக் கேட்டால் முக்கால்வாசி முடிவு இங்கேயே முடிந்துவிடுகிறது. ஆர்ஜிபி விளக்கு, பின்பக்கக் கூடுதல் பட்டன், பெட்டியில் போட்டிருக்கும் ரேஸ் கார் படம் எல்லாம் அப்புறம்.

இரண்டாவது முறை வாங்கும்போது காந்தி ரோட்டுப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு போனேன். "பாய், ஒரு நிமிஷம் சொருகிப் பாத்துக்கட்டுமா?" என்றதற்கு, "பாத்துக்கோ தம்பி, கவர மட்டும் கிழிச்சிடாத" என்றார். நீங்களும் கூச்சப்படாமல் கேளுங்கள். பிரவுசரில் 'கேம்பேட் டெஸ்டர்' என்று தேடினால் இலவசச் சோதனைப் பக்கங்கள் கிடைக்கும். ஒன்றைத் திறந்து, கன்ட்ரோலரைச் சொருகி, ஏதாவது ஒரு பட்டனை அமுக்குங்கள். எண்கள் தெரியத் தொடங்கும். பெரும்பாலும் பி7 என்று இருப்பதுதான் வலது ட்ரிகர்.

அதை மெதுவாக, ஐந்து வரை எண்ணிக்கொண்டே, கீழே வரை அமுக்குங்கள். 0.00-லிருந்து 0.12, 0.31, 0.48 என்று படிப்படியாக ஏறி 1.00-க்குப் போனால் சரி. 0.00-லிருந்து நேராக 1.00-க்குத் தாவினால் அது ட்ரிகர் வேஷம் போட்ட பட்டன், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நடுவில் ஒரு வகை உண்டு: எண் ஏறத்தான் செய்யும், ஆனால் பாதி அமுக்குவதற்குள்ளேயே 1.00 வந்துவிடும். அதற்கப்புறம் விரல் இறங்குவதெல்லாம் வீண். நான் அன்று பார்த்த மூன்றில் ஒன்று அப்படித்தான் இருந்தது. பெட்டியில் மட்டும் ஆனலாக் ட்ரிகர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பொய் இல்லை, பாதி உண்மை.

விண்டோஸ் கேம்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் எக்ஸ்இன்புட் முறையில் ட்ரிகருக்கு 0 முதல் 255 வரை 256 படிகள். விரலுக்கு அதுவே தாராளம். தேவை என்னவென்றால், அந்தப் படிகள் முழுத் தூரத்திலும் பரவி இருக்க வேண்டும், கொஞ்ச தூரமாவது ட்ரிகர் உள்ளே இறங்க வேண்டும். ஆகவே சுடும் கேம் ஆடுபவர்களுக்காக மவுஸ் கிளிக் மாதிரி ட்ரிகர் என்று விளம்பரம் செய்தால் ஒதுங்கிவிடுங்கள். சிலவற்றில் பின்பக்கம் ஒரு சின்னப் பூட்டு இருக்கும். தள்ளினால் ட்ரிகரின் தூரம் குறையும். அது இருக்கலாம், ரேஸ் ஆடும்போது திறந்து வைத்தால் போதும்.

இன்னொரு பொறி, நல்ல கன்ட்ரோலரையும் கெட்டது என்று நினைக்க வைப்பது. ஒரே கன்ட்ரோலர் விண்டோஸ், ஆண்ட்ராய்டு, நின்டென்டோ ஸ்விட்ச் என்று பல முறைகளில் இணையும். ஸ்விட்ச் முறையில் இணைந்திருந்தால் ட்ரிகர் ஆன், ஆஃப் ஆகத்தான் தெரியும், ஏனென்றால் அந்த முறையே அப்படி. கீழே ஒரு ஸ்விட்சோ, ஹோம் பட்டனைச் சில நொடி பிடிப்பதோ, எது என்று கையேட்டில் இருக்கும். எக்ஸ்இன்புட்டுக்கு மாற்றிவிட்டு மறுபடி சோதியுங்கள்.

எக்ஸ்பாக்ஸ் ஒன் காலம் தொட்டு, அதாவது 2013 முதல், மைக்ரோசாஃப்ட்டின் கன்ட்ரோலர்களில் ட்ரிகருக்குள்ளேயே சின்ன மோட்டார் இருக்கிறது. ஃபோர்சாவில் பின்சக்கரம் வழுக்கும்போது அது விரல் நுனியில் நடுங்கும். கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிடும். கையில் காசு இருந்தால் நான் செலவு செய்யச் சொல்லும் ஒரே சொகுசு இதுதான்.

படி 3: இடது ஸ்டிக்

இங்கே பெயர்க் குழப்பம் ஒன்று. நமக்கு வேண்டியதும் டிரிஃப்ட், வேண்டாததும் டிரிஃப்ட். கையை எடுத்த பிறகும் ஸ்டிக் தானாக ஒரு பக்கம் இழுப்பதைத்தான் ஸ்டிக் டிரிஃப்ட் என்கிறார்கள். பெரும்பாலான ஸ்டிக்குகளுக்குள் பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும். கார்பன் தடத்தின் மேல் ஒரு சின்ன உலோகத் துண்டு உரசிக்கொண்டே ஓடும். உரசினால் தேயும், தேய்ந்தால் இழுக்கும். ஹால் எஃபெக்ட் வகையில் காந்தமும் சென்சாரும்தான், ஒன்றை ஒன்று தொடுவதில்லை, அதனால் அந்தத் தேய்மானம் இல்லை. புதுசு என்று விற்கிறார்களே தவிர, சேகா டிரீம்காஸ்ட் கன்ட்ரோலர் 1998-லேயே இதைப் பயன்படுத்தியது. இப்போது நடுத்தர விலையிலேயே கிடைக்கிறது. டிரிஃப்ட் ஆடுகிறவர் ஸ்டிக்கை ஓயாமல் இடமும் வலமும் அடிப்பார். ஹால் எஃபெக்ட்டுக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

ஆனால் பெட்டியில் அந்தப் பெயர் இருப்பதாலேயே நம்ப வேண்டாம். அதே சோதனைப் பக்கத்தில் ஆக்சிஸ் 0 என்பதைப் பாருங்கள், அது இடது ஸ்டிக்கின் இட-வல அசைவு. ஸ்டிக்கைக் கடைசி வரை தள்ளி 'பட்' என்று விடுங்கள், பத்து முறை. ஒவ்வொரு முறையும் 0.02, 0.03 பக்கமே வந்து நின்றால் நல்லது. ஒரு தடவை 0.03, அடுத்த தடவை எதிர்ப்பக்கம் 0.09 என்று நின்றால், நடுப்புள்ளியே அதற்குத் தெரியவில்லை. நேர்ச் சாலையில்கூட அந்தக் கார் தள்ளாடும். அப்புறம் நடுவிலிருந்து ஒரு பக்கமாக, கடிகார முள் போல மெதுவாக நகர்த்திப் பாருங்கள். எண் 0.00-லேயே வெகுநேரம் உறங்கிவிட்டு திடீரென்று 0.25-க்கு எழுந்தால், உள்ளேயே பெரிய டெட்ஜோன், அதாவது அசைத்தாலும் கணக்கில் வராத பகுதி, வைத்திருக்கிறார்கள். சின்னச் சின்னத் திருத்தங்கள் கேமுக்குப் போய்ச் சேராது.

உயரமான ஸ்டிக்காக இருந்தால் கட்டைவிரல் நகரும் தூரம் கூடும், நுணுக்கமும் கூடும். ஸ்டிக்கின் மேல் மாட்டும் ரப்பர் தொப்பிகள் தனியாகவே விற்கின்றன. எங்கள் ஊர் வெயிலில் வியர்வையில் விரல் வழுக்காமல் இருக்கவும் அது உதவுகிறது.

கடையை விட்டுக் கிளம்பும் முன் இன்னொன்று: வலது ட்ரிகரைப் பாதியில் பிடித்துக்கொண்டே கட்டைவிரலால் ஏ பட்டனைத் தட்டிப் பாருங்கள். ஃபோர்சாவில் ஹேண்ட்பிரேக் அங்கேதான். தட்டும்போது ட்ரிகர் எண் எகிறினால், அந்த வடிவம் உங்கள் கைக்குப் பொருந்தவில்லை.

படி 4: மற்றவை

வயர் போதும். விலையும் குறைவு, சார்ஜும் வேண்டாம். வயர் இடைஞ்சல் என்றால் யுஎஸ்பியில் சொருகும் 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் உள்ளதாகப் பாருங்கள், புளூடூத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீயரிங் வீல் வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஏலகிரி மலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் டிரைவர் கை மாற்றிக் கை மாற்றிச் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். 900 டிகிரி சுற்றும் வீலில் டிரிஃப்ட் பிடிக்க அதே வேலையை அரை நொடியில் செய்ய வேண்டும். ஆர்கேட் கேம்கள் கட்டைவிரலுக்காகச் செய்யப்பட்டவை. வீல் வேண்டாம்.

செமஸ்டர் முடியும்போது காட்பாடிப் பக்கம் ஹாஸ்டல் பையன்கள் பழைய கன்ட்ரோலரை விற்பார்கள். சோதனைப் பக்கத்தைக் காட்டச் சொல்லி வாங்கினால் நல்ல பேரம்தான்.

படி 5: செட்டிங்ஸ்

வீட்டுக்கு வந்ததும் கேமின் டெட்ஜோனைப் பாருங்கள். எக்ஸ்இன்புட்டில் இடது ஸ்டிக்குக்கு மைக்ரோசாஃப்ட் சொல்லிவைத்த அளவு, 32767-க்கு 7849. கிட்டத்தட்ட 24 சதவீதம்! நல்ல ஸ்டிக்குக்கு அவ்வளவு தேவையே இல்லை. ஃபோர்சாவின் அட்வான்ஸ்டு கன்ட்ரோல்ஸில் ஸ்டீயரிங்கின் உள் டெட்ஜோனை 0-க்கு இறக்கி, நேர்ச் சாலையில் கையை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். கார் ஒரு பக்கம் இழுத்தால் ஒவ்வொன்றாக ஏற்றி, இழுப்பு நின்ற இடத்தில் விடுங்கள். ஆக்ஸிலேட்டருக்கும் அதே முறை. ஸ்டீயரிங்கை சிமுலேஷனுக்கு மாற்றச் சொல்லும் வீடியோக்களை இப்போதைக்கு மறந்துவிடுங்கள், நார்மலிலேயே இருக்கட்டும்.

படி 6: முதல் அரை மணி

பின்சக்கரத்தால் ஓடும் கார் ஒன்றை எடுங்கள், எஞ்சின் சுமாராக இருந்தால் போதும். கார் வழுக்காமல் கேமே தடுக்கும் ட்ராக்ஷன் கன்ட்ரோலையும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலையும் அணைத்துவிடுங்கள். ரேஸுக்குப் போகாமல், ஒரு காலி மைதானத்தில் வட்டம் போடுங்கள். ஸ்டிக்கைப் பற்றிக் கவலைப்படாமல் ட்ரிகரை மட்டும் கவனியுங்கள்: எவ்வளவு அமுக்கினால் பின்பக்கம் வழுக்கத் தொடங்குகிறது, எவ்வளவு தளர்த்தினால் பிடிக்கிறது. அந்த இரண்டு இடங்களும் விரலுக்குத் தெரிந்த பிறகுதான் வளைவுக்குப் போக வேண்டும். எனக்கு இரண்டு ராத்திரி ஆனது. சித்தப்பா பையனுக்கு இருபது நிமிடம். அதைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை.

பழைய 'டிக்' கன்ட்ரோலரை அவனே கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான். சண்டை கேமுக்கு அது போதுமாம்.