யூத இளைஞர் முகாமில் சபாத்தை நடத்துவது எப்படி?

அமெரிக்காவில் கோடைக்கால யூதத் தலைமைப் பயிற்சி முகாம்களில் பல நிகழ்ச்சிகளைப் பதின்ம வயதினரே நடத்துவார்கள். சபாத் (வெள்ளி மாலை முதல் சனி இரவு வரையான யூதர்களின் ஓய்வுநாள்) பொறுப்பு உங்கள் குழுவுக்கு வந்தால் முதலில் வெள்ளியன்று சூரியன் மறையும் நேரத்தைப் பாருங்கள். அதற்கு 18 நிமிடம் முன்பு மெழுகுவர்த்தி ஏற்றுவது வழக்கம். மறைவு 8:35 என்றால் ஏற்றுவது 8:17. மற்ற வேலைகளை அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

சொதப்புவது பெரும்பாலும் குளியலில்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் போனால் வெந்நீர் தீர்ந்துவிடும். நாலு மணிக்கே அறைவாரியாக முறை வைத்துவிடுங்கள்.

ஒவ்வொரு மேசைக்கும் இரண்டு ஹல்லா ரொட்டி, மூட ஒரு துணி, திராட்சைச் சாறு, உப்பு. இறைச்சி விருந்து என்றால் யூத உணவு விதிப்படி பால் கலந்த இனிப்பு கூடாது, ஐஸ்கிரீமும்தான். சமையலறையிடம் முந்தின நாளே கேளுங்கள். சபாத்தில் கிதார் வாசிக்கலாமா என்பது முகாமுக்கு முகாம் மாறும், அதையும் கேட்டுவிடுங்கள்.

சனி இரவு மூன்று நட்சத்திரம் தெரிந்ததும் ஹவ்தாலா, அதாவது சபாத்தை முடித்துவைக்கும் சடங்கு. வரிசை: சாறு, வாசனைப் பொருள், நெருப்பு, கடைசியில் சபாத்தை வாரநாட்களிலிருந்து பிரிக்கும் ஆசி. கிராம்பு, பட்டை போதும். மெழுகுவர்த்திக்கு ஒன்றுக்கு மேற்பட்ட திரி வேண்டும். பின்னிய மெழுகுவர்த்தி உடைந்துபோனால் சாதாரணமான இரண்டைச் சுடர்கள் ஒட்டும்படி பிடித்தால் சரி. பிடிப்பவர் கைக்கு மேலே காகிதத் தட்டில் துளை போட்டுச் செருகுங்கள், இல்லாவிட்டால் உருகும் மெழுகு விரலைச் சுட்டுவிடும். கோப்பைக்கு அடியிலும் ஒரு தட்டு: அதில் வழிந்த சாற்றில்தான் சுடரை அணைப்பார்கள்.