பினாங்கில் பதின்ம வயதுப் பையன்களுக்கு ஓரிரவுக் கல்வி முகாம் நடத்தும் முறை

எங்கள் முதல் முகாமுக்குப் பெயர் கொடுத்திருந்த பையன்களுள் மூவர், பேருந்து புறப்படும் இடம்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். நாங்கள் அனுப்பிய பட்டியலில் விளையாட்டுக் காலணி, போர்வை, கைவிளக்கு எல்லாம் இருந்தன. அவை தங்களிடம் இல்லை என்பது நண்பர்கள் முன்னிலையில் தெரிந்துவிடுமே என்ற கூச்சம்தான் அவர்களைத் திருப்பி அனுப்பியது. அதிலிருந்து பாய், போர்வை, துண்டு, பற்பசை, தண்ணீர்ப் புட்டி அனைத்தையும் எல்லாருக்கும் ஒரே மாதிரி நாங்களே தருகிறோம். காலணி அளவை முன்னரே வீட்டில் கேட்டுக்கொள்கிறோம். நன்கொடையாளரோடு வரிசையில் நிற்க வைத்துப் படம் எடுப்பதை அறவே கைவிடுங்கள்.

பெற்றோரை வீட்டுக்கே போய்ச் சந்திக்க வேண்டும். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்யும் அம்மாவிடம் அனுமதிப் படிவத்தைக் கொடுத்துவிட்டு வந்தால் போதாது. தமிழிலும் மலாயிலும் இருக்கும் அப்படிவத்தைப் படித்துக் காட்டி, ஆஸ்துமா, ஒவ்வாமை, அன்றாட மருந்து ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். சனிக்கிழமைகளில் கடையில் வேலை செய்து வீட்டுக்குப் பணம் கொடுக்கும் பையன் இருந்தால், முகாமைப் பள்ளி விடுமுறையின் வார நாளுக்கு மாற்றுவதே நியாயம்.

மலேசியச் சட்டப்படி 18 வயதுக்குட்பட்ட அனைவரும் சிறுவர்களே. எட்டுப் பையன்களுக்கு ஒரு பெரியவர் இருக்கட்டும். ஆனால் எந்தப் பெரியவரும் ஒரு பையனோடு தனித்திருக்கக் கூடாது, பையன்கள் உறங்கும் கூடத்தில் படுக்கவும் கூடாது. வாசலருகே இருவர் முறை வைத்து விழித்திருக்க வேண்டும். மனத்துக்கு ஒவ்வாதது எது நடந்தாலும் யாரிடம் சொல்லலாம் என்பதையும், அரசின் உதவித் தொலைபேசியான தாலியான் காசே எண் 15999 என்பதையும் முதல் மணி நேரத்திலேயே அறிவித்துவிடுங்கள்.

பாடத்தை இடத்திலிருந்தே எடுக்கலாம். தெலுக் பஹாங்கிலுள்ள பினாங்கு தேசியப் பூங்காவில், கெராச்சுட் கடற்கரையை ஒட்டி ஓர் ஏரி உண்டு. மழைக்காலத்தில் அது நிரம்பும்போது மேலே நன்னீரும் அடியில் உப்புநீரும் கலவாமல் அடுக்காக நிற்கும். முதல்நாள் மாலை, ஒரு லிட்டர் நீரில் 35 கிராம் உப்பும் சிறிது நிறமும் கரைத்துக் கண்ணாடிப் புட்டியில் பாதியளவு ஊற்றி, அதன்மேல் நன்னீரைக் கரண்டியின் முதுகு வழியாக மெல்ல விடச் சொல்லுங்கள். அசைக்காமல் வைத்தால் விடியும்போதும் அடுக்கு பெரிதும் கலைந்திருக்காது. உறங்கி எழுந்ததும் பையன்கள் முதலில் ஓடிப் பார்ப்பது அந்தப் புட்டியைத்தான்! பிறகு ஏரிக்கு நடந்தால் விளக்கம் அவர்கள் வாயிலிருந்தே வரும். பூங்கா நுழைவாயிலில் பதிவு செய்துவிட்டுக் காலையிலேயே புறப்படுங்கள். ஜெல்லி மீன்கள் இருப்பதால் கடலில் இறங்க விட வேண்டாம்.

சோறு தாராளமாக இருக்கட்டும். இரவு பத்து மணிக்கு மைலோவும் ரொட்டியும் மீண்டும் தேவைப்படும். அந்நேரத்துக்குத் தன்முனைப்புப் பேச்சாளரை அழைப்பதைவிட, பையன்கள் வாழும் அதே அடுக்குமாடியில் வளர்ந்து தொழிற்கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ படித்த அண்ணன்மார் இருவரை அழைப்பது மேல். பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். சான்றிதழ் கிடைக்க மலாய்மொழி, வரலாறு இரண்டிலும் தேர்ச்சி கட்டாயம் என்பதைப் தேர்வுக்கு முந்தைய வகுப்பான படிவம் நான்கில் இருக்கும் பையன்கள்கூட அந்த வட்டத்தில்தான் முதன்முதலாகக் கேட்கிறார்கள். விளக்கைக் குறைத்து, சிறு வட்டங்களாக அமர்த்தினால் கேள்விகள் வரும். பதினொன்றரைக்கு மேல் நீட்ட வேண்டாம்.

திரும்பும்போது ஒவ்வொருவரையும் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விடுங்கள். பாயும் போர்வையும் அவனுடையவை.