'ரெஃபர்' என்று எழுதினால் போதாது

போன வாரம் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்த டாக்டர் தம்பி, ஓபி சீட்டில் 'மனநலப் பிரிவுக்கு' என்று எழுதி ஒரு அம்மாவிடம் நீட்டினார். எனக்கு எரிச்சல் வந்தது. தம்பி மேல் இல்லை; வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நீட்டினேன். மனநலச் சிக்கலோடு வருகிறவர்களிடம் நாம் செய்யும் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். நோயாளியை அதட்டக் கூடாது என்பதெல்லாம் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன்.

சீட்டோடு அனுப்பிவிடுவது

கை கால் குடைச்சல் என்று மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்தார் ஒரு அம்மா. நானும் வலி மாத்திரையும் சத்து மாத்திரையும் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் "தூக்கம் எப்படிம்மா?" என்றேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டார். உடனே சீட்டு எழுதினேன். கண்டுபிடித்துவிட்டோம் என்று கொஞ்சம் பெருமை வேறு.

மூன்று மாதம் கழித்து காய்ச்சலுக்கு வந்தார். பையிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்தார். ரேஷன் கார்டுக்குப் பின்னால் அதே சீட்டு, நாலாக மடித்தபடி. "போனேன் சார். அந்த டாக்டர் இன்னிக்கு வர மாட்டாருன்னுட்டாங்க. சீட்டைச் சத்தமா வேற படிச்சாங்க, வரிசைல எங்க ஊர்க்காரங்க நின்னாங்க. ஒரு நாள் கூலியும் போச்சு."

மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் தாலுகா ஆஸ்பத்திரிக்குக் குறிப்பிட்ட கிழமையில்தான் வருவார். அது எந்தக் கிழமை என்று எனக்கே தெரியாது! அப்புறம்தான் அதைக் கேட்டு மேசைக்கு எதிர்ச் சுவரில் எழுதி ஒட்டினேன். இப்போது நோயாளி இருக்கும்போதே அந்தத் திட்டக் குழுவின் சமூகப் பணியாளருக்குப் போன் போடுகிறேன். சீட்டில் தேதியும் அறை எண்ணும் மட்டும். விவரம் ஒட்டிய கவரில். ரெஃபரல் நோட்டில் 'போனாரா?' என்று ஒரு கட்டம். இரண்டு வாரமாகியும் அது காலியாக இருந்தால், நோயாளி முன்பே சம்மதித்திருந்தால், கிராம சுகாதார செவிலியர் ஒரு எட்டு போய்ப் பார்த்து வருவார்.

மனநோயை 'நரம்புத் தளர்ச்சி' என்று சமாளிப்பது

வேண்டாம்.

மாத்திரையைப் பற்றிச் சொல்லாமல் விடுவது

மனச்சோர்வு மாத்திரை பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதலில் குமட்டல்தான் வரும். இதைச் சொல்லாவிட்டால் ஐந்தாம் நாளே நிறுத்திவிடுவார்கள்.

சாகும் எண்ணம் உண்டா என்று கேட்கத் தயங்குவது

கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. "ஆமா" என்றால் தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள். துணைக்கு ஆளை வரவழைத்து அன்றைக்கே டாக்டரிடம் சேர்த்துவிடுங்கள். 14416 எண்ணையும் எழுதிக் கொடுங்கள். 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி சேவை அது. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும். முன்பு தற்கொலைக்கு முயன்றதைக் குடும்பத்தார் போலீஸ் கேஸுக்குப் பயந்து மறைப்பார்கள். 2017 மனநலச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்கிறது. அவரைத் தண்டிக்க அல்ல, பராமரிக்கச் சொல்கிறது. இதைச் சொன்ன பிறகு பல வீடுகளில் வாய் திறக்கிறார்கள்.

அக்டோபர் 10, உலக மனநல நாளுக்கு மட்டும் பேனர் கட்டுவது

'மனநோய் விழிப்புணர்வு' என்று போட்டால் யாருக்கோ நடக்கிற கூட்டம் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். புதன்கிழமை தடுப்பூசி போட்டபின் தாய்மார்கள் அரை மணி நேரம் காத்திருப்பார்களே, அப்போது பிரசவத்துக்குப் பிறகு வரும் அழுகையையும் தூக்கமின்மையையும் பற்றிப் பேசிப் பாருங்கள். கூட்டத்தில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கிளம்பும்போது யாராவது ஒருத்தி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, எல்லோரும் போகட்டும் என்று வாசலில் நிற்பாள்.