படகில் விஸ்கி ஊறவைத்தல்: புதுச்சேரிக் கடலில் செய்து பார்க்கும் முறை

கடலில் ஊறிய விஸ்கியில் உப்பு மணக்கும் என்பது பெரும்பாலும் விற்பனைப் பேச்சு. உப்பு ஆவியாகாது. காற்றோடு துளியாக வந்து பீப்பாயின் வெளிப்பலகையில் படியும், அவ்வளவுதான். சுவையை உண்மையில் மாற்றுபவை இரண்டு: ஏறி இறங்கும் சூடு, ஓயாத ஆட்டம். சூடேறும்போது சாராயம் விரிந்து ஓக் மரத்துக்குள் புகும், ஆறும்போது மரத்தில் கரைந்ததை எடுத்துக்கொண்டு வெளியே வரும். ஆடாமல் கிடந்தால் மரத்தை ஒட்டிய மெல்லிய படலம் மட்டும் நிறைந்துபோய், மேற்கொண்டு கரைவது மந்தமாகிவிடும். அலை அந்தப் படலத்தைக் கலைத்துக்கொண்டே இருக்கிறது, கூடவே உள்ளே இருக்கும் காற்றையும் சாராயத்தில் கலக்கிறது.

இது புது யோசனை அல்ல. 1805இல் நார்வேயிலிருந்து பட்டாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேறிய அக்வாவிட் என்ற நார்வே நாட்டுச் சாராயம் அங்கே விலை போகாமல் 1807இல் திரும்பி வந்தது. குடித்துப் பார்த்தால் முன்னைவிட நன்றாக இருந்தது. லினியே என்ற பெயரில் விற்கும் அக்வாவிட் இன்றைக்கும் ஷெர்ரி (ஸ்பெயின் ஒயின்) ஊறிய பீப்பாய்களில் நிலநடுக்கோட்டை இருமுறை கடந்துதான் விற்பனைக்கு வருகிறது. அமெரிக்காவின் ஜெஃபர்சன்ஸ் ஓஷன் என்ற போர்பனும் (மக்காச்சோள விஸ்கி) அதே வழிதான்.

நம் ஊரில் 5 லிட்டர் பீப்பாய் வாங்கி ஆரம்பிக்க வேண்டாம். 200 லிட்டர் பீப்பாயோடு பார்த்தால், சிறியதில் ஒவ்வொரு லிட்டருக்கும் மரப்பரப்பு சுமார் மூன்றரை மடங்கு. சில வாரங்களிலேயே கசந்துவிடும். ஆவியாகும் இழப்பும் அதே வேகத்தில் ஏறும். ஸ்காட்லாந்தின் குளிரில் ஆண்டுக்கு 2 சதவீதம் ஆவியாகும் இடத்தில், பெங்களூரு அம்ருத் போன்ற ஆலைகளில் 10 முதல் 12 சதவீதம் போகிறது. கண்ணாடி பாட்டிலும் ஓக் குச்சியுமே போதும்.

ஒரே விஸ்கியில் மூன்று 750 மில்லி பாட்டில் வாங்குங்கள். புகை மணம் இல்லாத இளம் மால்ட் (முளைகட்டிய பார்லி விஸ்கி) நல்லது. மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) சாராயம் கலந்த மலிவு விஸ்கியில் மரச்சுவை ஏறும், ஆனால் அதற்கு அடியில் தாங்க ஒன்றும் இருக்காது. நம் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் 42.8 சதவீதச் சாராய வலு உள்ளவை. இந்த வலுவில் துவர்ப்பு தரும் டானினும் மரச்சர்க்கரையும் எளிதாக இறங்கும், தேங்காய் வாசம் தரும் லாக்டோன் குறைவாகவே வரும். 55 சதவீதத்துக்கு மேல் கிடைத்தால் அதையே எடுங்கள்.

குச்சி வெள்ளை ஓக்காக இருக்க வேண்டும். தேக்கு, வேம்பு, கருவேலம் எதுவும் ஆகாது. பழைய மேஜைக் காலை அறுத்துப் போடும் எண்ணமும் வேண்டாம், வார்னிஷ் இறங்கும். 1 செ.மீ. தடிமன், 1 செ.மீ. அகலம், 8 செ.மீ. நீளத்தில் பாட்டிலுக்கு இரண்டு. இது பெரிய பீப்பாயின் மரப்பரப்புக்குக் கிட்டத்தட்ட சமம். நான்காகப் போட்டால் சீக்கிரம் ஆகும் என்று கணக்குப் போடாதீர்கள்: குச்சியின் வெட்டுமுனை பீப்பாய்ப் பலகையைவிட வேகமாக உறிஞ்சும், மிஞ்சினால் மரக்கஷாயம்தான். வாட்டாத குச்சி என்றால் அலுமினியத் தாளில் சுற்றி அடுப்பு அவனில் 190 டிகிரியில் 2 மணி நேரம் வாட்டுங்கள். தாளைப் பிரித்ததும் வெனிலாவும் லேசான கருகலும் மணக்க வேண்டும். பச்சை மர நெடி அடித்தால் இன்னும் அரை மணி நேரம். பிறகு கொதிநீரில் ஒருமுறை அலசி எடுங்கள்.

மூன்று பாட்டிலிலிருந்தும் முதலில் 75 மில்லி வெளியே எடுத்துவிடுங்கள். இந்த அளவு முக்கியம். 20 டிகிரி சூடேறினால் 750 மில்லி சாராயம் 11 மில்லியாவது விரியும். முட்ட நிரப்பிய பாட்டில் மூடியைத் தள்ளிவிடும். இடம் இருந்தால்தான் உள்ளே சலசலக்கவும் செய்யும். எடுத்ததில் கொஞ்சத்தைச் சிறு கண்ணாடிக் குப்பியில் நிரம்ப ஊற்றி மூடி வையுங்கள், கடைசியில் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். பிளாஸ்டிக் கேனில் எதையும் ஊற்றாதீர்கள். பிளாஸ்டிக் நெடி ஏறும், படகில் டீசல் கேனோடு மாறிப்போகவும் கூடும்.

ஒரு பாட்டில் படகுக்கு, ஒன்று மொட்டை மாடி நிழலுக்கு, ஒன்று பீரோவுக்கு. மாடி பாட்டில் சூட்டின் பங்கைக் காட்டும். படகு பாட்டில் அதற்கு மேல் ஆட்டம் என்ன செய்தது என்று காட்டும். மாடி, பீரோ பாட்டில்கள் இரண்டும் இல்லாமல் படகு பாட்டிலை மட்டும் ருசித்துவிட்டுக் கடலைப் புகழ்வதில் பொருள் இல்லை.

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்து விசைப்படகு என்றால், அணியத்தின் (படகின் முன்முனை) அடியில் இருக்கும் சாமான் அறைதான் சரியான இடம். திறந்த கடல் காற்றின் சூடு அதிகம் ஏறி இறங்காது. வெயிலில் காயும் தளத்துக்குக் கீழேதான் அந்த வித்தியாசம் கிடைக்கும். ஐஸ் அறையில் மரம் வேலையே செய்யாது. இன்ஜின் அறையில் டீசல் நெடி, தீப்பிடிக்கும் அபாயம் இரண்டும் உண்டு. பாட்டிலைத் துணியில் சுற்றி, தேங்காய் நார் அடைத்த மரப்பெட்டியில், படகின் நீளத்துக்குக் குறுக்காகப் படுக்க வையுங்கள். படகு முன்பின்னாக ஆடுவதைவிடப் பக்கவாட்டில்தான் அதிகம் உருளும், அப்போது சாராயம் முனையிலிருந்து முனைக்கு ஓடும். தெர்மாகோல் பெட்டி சூட்டைத் தடுத்து நோக்கத்தையே கெடுக்கும்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. கட்டிக்கிடக்கும் படகில் ஆட்டம் போதாது. ஆகவே ஜூன் மூன்றாம் வாரம் ஏற்றி, செப்டம்பருக்குள் இறக்கிவிடுங்கள். தானே, ஃபெஞ்சல் புயல்களைப் பார்த்த கரையில் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் கண்ணாடியைப் படகில் விட்டுவைக்கக் கூடாது.

படகு ஓட்டுநரிடம் சொல்லி வையுங்கள். கடலில் யாரும் அதைத் திறக்கக் கூடாது. வாங்கிய பில் கையில் இருக்கட்டும். படகு கடலூர் முதுநகரில் கரை சேர்ந்தால் அது தமிழ்நாடு. புதுச்சேரி பாட்டிலோடு பிடிபட்டால் மதுவிலக்குச் சட்டத்தில் வழக்கு. புதுச்சேரியிலேயே புறப்பட்டுப் புதுச்சேரிக்கே திரும்பும் படகாகப் பாருங்கள்.

பத்து நாளுக்கு ஒருமுறை மூன்றிலிருந்தும் 5 மில்லி எடுத்து, சம அளவு தண்ணீர் சேர்த்து, எது எந்தப் பாட்டில் என்று தெரியாமல் ருசியுங்கள். நிறத்தை நம்பாதீர்கள். பல விஸ்கிகளில் முன்பே கேரமல் நிறம் சேர்த்திருப்பார்கள். வெனிலாவும் கருகிய சர்க்கரையும் முதலில் தெரியும். நாக்கின் ஓரம் வறண்டு, தேநீர் தூளைக் கடித்தது போல இருந்தால் அன்றைக்கே குச்சியை எடுத்துவிட வேண்டும். இரண்டு நாள் தள்ளினாலும் கசப்பு ஏறும். ஏறிய கசப்பைத் திரும்ப இறக்க வழியில்லை. மரத்தூள் நெடி என்றால் வாட்டியது போதவில்லை. வாசமே மங்கி அட்டைப்பெட்டி போல மணந்தால் மூடி கசிந்து காற்று அதிகம் போயிருக்கிறது. உப்புக் கரித்தால் மட்டும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்: துறைமுகத் தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது.

இறக்கியதும் காபி வடிகட்டும் தாளில் வடித்து, ஒரு வாரம் அசையாமல் வைத்துவிட்டு ருசியுங்கள். குச்சியை இன்னொரு முறை பயன்படுத்தலாம். இரண்டாம் முறை சுவை மெதுவாகத்தான் இறங்கும். நாளைக் கூட்டுங்கள், குச்சியைக் கூட்டாதீர்கள்.