ஓலைப் பெட்டி முடைய உட்காரும் முன்

பெட்டி முடையக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் பின்னலைத்தான் கேட்பார்கள். நான் அவர்களை மரத்தடிக்குக் கூட்டிப் போவேன். எங்கள் கே.வி.குப்பம் பக்கம் ஏரிக்கரையில் பனைக்குப் பஞ்சமில்லை. அதற்காக ஏறின மரத்தை மொட்டையடித்துவிடக் கூடாது. வருஷம் முழுக்க ஒரு பனை விடுவதே ஒரு டஜன் சொச்சம் ஓலைதான். பெட்டிக்கு வேண்டியது விரியாத குருத்தோலை. ஒரு மரத்தில் ஒரு குருத்துக்கு மேல் எடுக்காதீர்கள், அடுத்த முறை வேறு மரம் பாருங்கள். ஏறுகிற அண்ணனுக்குக் கூலியை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். பெட்டி விற்றதும் தருகிறேன் என்று இழுத்தடிப்பது பாவம்.

குருத்தைப் பிரித்து, ஈர்க்கைக் கிழித்துத் தனியே வையுங்கள். விளிம்பு கட்ட உதவும். ஓலையைக் காலை வெயிலில் மட்டும் காய வையுங்கள். வேலூர் வெயில் தெரிந்ததுதானே, அக்னி நட்சத்திரத்தில் மதியம் வரை விட்டால் அப்பளமாக நொறுங்கும். வெயில் ஏறியதும் நிழலுக்கு மாற்றுங்கள். பச்சை வாசம் போய், மடித்தால் முறியாமல் கோடு மட்டும் விழுந்தால் பதம் சரி. ஈரம் மிச்சமிருந்தால் ஐப்பசி மழையில் பூஞ்சை பிடிக்கும்.

கீற்றுகள் எல்லாம் ஒரே அகலம் வர, மரத்துண்டில் இரண்டு பிளேடைச் செருகி ஓலையை அதில் இழுங்கள். முடையும் முன் தண்ணீரில் முக்கி எடுத்து ஈரத்துணியில் சுற்றினால் போதும். ஊறப் போட்டால் உப்பி, காய்ந்த பிறகு சுருங்கிப் பின்னலில் சந்து விழும்.

குறுக்கே 12, நெடுக்கே 12 கீற்று. ஒன்று மேலே, ஒன்று கீழே. சதுரம் முடிந்ததும் எல்லோரும் அதன் முனையை மடிக்கப் பார்ப்பார்கள். மூலை அங்கே வராது. ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் இருக்கும் 6ஆம், 7ஆம் கீற்றுகளை ஒன்றின்மேல் ஒன்று மாற்றிப் போட்டு இறுக்குங்கள், அந்த இடம் மேலே எழும்பி மூலையாகும். நாலு மூலைக்கும் துணி கிளிப் மாட்டிவிட்டு, சாய்வாக ஏறும் கீற்றுகளை அதே மாதிரி முடைந்துகொண்டே போங்கள். உயரம் போதும் என்றால் கீற்றை மடித்து, பின்னலுக்குள்ளேயே அடிவரை செருகுங்கள். சுவர் இரட்டையாகும். பசைக்கு வேலையே இல்லை.

நிறம் வேண்டுமா? மஞ்சள் வெயிலில் வெளுத்துவிடும். ஜவ்வாது மலைக் கடுக்காயை இடித்துக் கொதிக்கவிட்டு அதில் கீற்றைப் போடுங்கள். அப்புறம் துருப்பிடித்த ஆணியும் வெல்லமும் போட்டுப் புளிக்க வைத்த தண்ணீரில் முக்கினால் நல்ல கறுப்பு. குரோம் ரசாயனம் வருவதற்கு முன் நம்ம ஊரில் தோல் பதனிடும் ஷாப்புகளிலும் கடுக்காய், ஆவாரம்பட்டைதான். கடைச் சாயம் போட்ட தண்ணீரை மட்டும் வாய்க்காலில் ஊற்றாதீர்கள். தோல் கழிவு வழக்கு 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன பாலாற்றுக்கரைக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

ஆர்கானிக் என்று தேடி வருகிறவர்களே வார்னிஷ் அடித்துத் தரச் சொல்வார்கள், உள்ளே ரெக்சின் தைக்கச் சொல்வார்கள். மறுத்துவிடுங்கள். அப்படிப்பட்ட பெட்டி பழசானால் எருக்குழிக்குப் போகாது, பிய்ந்த கீற்றை மாற்றவும் முடியாது.

விலை போடும்போது முடைந்த நேரத்தை மட்டும் எண்ணாதீர்கள். காய வைத்தது, கீறியது, சாயம் போட்டது எல்லாம் வேலைதான். களை எடுக்கப் போனால் கிடைக்கும் கூலிக்குக் குறையாமல் வரட்டும். அதற்கும் பேரம் பேசுகிறவருக்குச் சின்ன அளவுப் பெட்டியை எடுத்துக் காட்டுங்கள்.