சிக்னல் ஃபுல், நெட் மட்டும் சுற்றுகிறது: வைஃபை நெரிசலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவானால் வைஃபை திணறுகிறது என்றால் முதலில் திட்டு வாங்குவது இணைய நிறுவனம்தான். திட்டுவதற்கு முன் லேன் கேபிளை நேராக லேப்டாப்பில் செருகி ஒரு ஸ்பீட் டெஸ்ட் போட்டுப் பாருங்கள். கட்டிய பணத்துக்கான வேகம் அதில் வந்துவிட்டால் கோளாறு லைனில் இல்லை. பக்கத்து வீட்டோடு நீங்கள் பங்கு போட்டுக்கொள்ளும் அலைவரிசையில் இருக்கிறது.

வைஃபை ஓடும் அலைவரிசைப் பகுதிகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் மொத்த அகலமே 83.5 மெகாஹெர்ட்ஸ்தான். ரவுட்டர் செட்டிங்கில் 1 முதல் 13 வரை சேனல்கள், அதாவது பட்டைக்குள் பிரித்த பாதைகள், தெரியும். ஆனால் அவை 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் அடுக்கப்பட்டவை. ஒரு நெட்வொர்க்குக்கோ 20 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். அதனால்தான் ஒன்றோடொன்று உரசாமல் ஓட 1, 6, 11 என்ற மூன்றைச் சொல்கிறார்கள்.

இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். எந்தச் சேனலில் எத்தனை ரவுட்டர் என்று காட்டும் ஆப்பில் பார்த்தால் 1-லும் 6-லும் கூட்டம், 3 காலி. உடனே 3-க்கு மாறிவிடுகிறார்கள். காலி இடம் மாதிரி தெரிவதுதான் சிக்கல். வைஃபை கருவி எதையும் அனுப்புமுன் சேனலைக் கேட்கும். அதே சேனலில் இன்னொரு ரவுட்டர் பேசினால், அதன் பேச்சு புரிவதால், −82 டிபிஎம் (சிக்னல் வலுவின் அளவு, பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க வலு அதிகம்) அளவுக்கு மெலிதாக வந்தாலும் காத்திருந்து முறை எடுத்துக்கொள்ளும். பாதி மட்டும் மேலே படியும் சேனலில் இருந்து வருவது அதற்குப் புரியாது, வெறும் இரைச்சல். அந்த இரைச்சல் −62 டிபிஎம் அளவுக்கு வலுத்தால்தான் சேனலில் ஆள் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளும். அதற்குக் கீழே இருந்தால் நீங்களும் அனுப்புவீர்கள், அவர்களும் அனுப்புவார்கள். இரண்டும் மோதிச் சிதைந்து மறுபடி மறுபடி போகும். 3-க்குப் போனவர் 1, 6 இரண்டையும் கெடுத்துத் தானும் கெடுகிறார். கூட்டமாக இருந்தாலும் 1, 6, 11-இல் ஒன்றிலேயே நில்லுங்கள்.

2.4-இல் சேனல் அகலத்தை 40 ஆக வைப்பதும் இதே ரகம். வேகம் இரட்டிப்பாகும் என்று மெனு ஆசை காட்டும். பட்டையில் பாதியை அடைத்துக்கொண்டு எல்லா வீட்டு இரைச்சலையும் வாங்கிக்கொள்வதுதான் மிச்சம். 20 போதும்.

அடுத்தது, பவரை ஏற்றுவது. ரவுட்டர் உரக்கக் கத்தும், சரி. உங்கள் போனின் குரல் கூடவில்லையே? போனில் எல்லாக் கோடும் நிறைந்திருக்கும், அனுப்பியது ரவுட்டரை எட்டாது. போதாததற்கு மாடி முழுக்க உங்கள் சத்தம். சிக்னலை வாங்கித் தூரத்துக்கு நீட்டும் ரிப்பீட்டரை வாங்கி மாட்டுவதும் நெரிசலுக்கு மருந்தல்ல. ஒரே சேனலில் ஓடும் மலிவு ரகம் ஒவ்வொரு தரவுப் பாக்கெட்டையும் வாங்கித் திருப்பி அனுப்புவதால் அந்தச் சேனலில் நேரம் இரட்டிப்பாகச் செலவாகிறது. என்னைக் கேட்டால், அந்தக் காசில் டிவிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். நாளெல்லாம் வீடியோ அனுப்பும் சிசிடிவி கேமராவுக்கும் அதுவே நல்லது.

மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது மட்டும் நெட் இழுத்தால் காரணம் அதுதான், அதுவும் 2.45 கிகாஹெர்ட்ஸ் அருகேதான் வேலை செய்கிறது. யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்கை ரவுட்டரை ஒட்டி வைப்பதையும் தவிருங்கள், அதன் கேபிளே 2.4-இல் இரைச்சல் கக்கும்.

வைஃபையின் இன்னொரு பட்டையான 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் பாதித் தொல்லை தீரும். 2018-இல் இந்தியா இந்தப் பட்டையில் உரிமமின்றிப் பயன்படுத்தும் இடத்தை 605 மெகாஹெர்ட்ஸாக விரித்தது. ஆனாலும் பல ரவுட்டர்கள் 36 முதல் 48 வரையிலான சேனல்களிலேயே முடங்கிக் கிடக்கின்றன, 80 மெகாஹெர்ட்ஸ் அகலம் வைத்தால் அந்த நாலு சேனலையும் ஒரே ரவுட்டர் விழுங்கிவிடும். 149-க்கு மாற்றிப் பாருங்கள். 52 முதல் 144 வரை ரேடாருக்கு முன்னுரிமை: ரவுட்டர் குறைந்தது ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்ட பிறகே அங்கே பேசலாம், ரேடார் வந்தால் இடத்தைக் காலி செய்ய வேண்டும். விமான நிலையம் பக்கத்தில் இருப்பவர்கள் அதை நம்ப வேண்டாம்.

'ஆட்டோ' போட்டுவிட்டு மறந்துவிடுபவர்களுக்கு ஒன்று. பல மலிவான ரவுட்டர்கள் ஆன் ஆகும்போது மட்டுமே சேனலைத் தேடுகின்றன. ஊர் வேலைக்குப் போன காலை பதினொரு மணிக்கு ரீஸ்டார்ட் செய்தால் அந்த நேரத்து அமைதியைப் பார்த்துத்தான் முடிவெடுக்கும். நெரிசல் இரவில் என்றால் ரீஸ்டார்ட்டும் இரவிலேயே.